அத்தை வேண்டாமென்ற இரத்தம்

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவன்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேராசிரியர் வகுப்பில் அறிவித்ததும், 'இரத்த வகைகள்' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதியும் முடித்தேன். 1901-ஆம் ஆண்டு வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித இரத்தம் எல்லாம் ஒன்றல்ல என்று கண்டறிந்ததும், அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றதும் நம் பாடநூலில் உள்ளவைதாம். நம் ஆய்வகத்தில் விரலைக் குத்தி, கண்ணாடித் தகட்டில் துளி வைத்து, நான் 'ஓ பாசிட்டிவ்' என்று அறிந்துகொண்ட நாளையும் எழுதினேன். பிறகு படித்துப் பார்த்தேன். எழுதவேண்டியது இதுவன்று என்று பட்டது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கட்டுரை இலக்கணத்துக்கு இது பொருந்துமோ பொருந்தாதோ, தமிழ்த்துறை ஐயா அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்பவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் தைத்துக் கட்டிய பாடநூல்களும் நாட்குறிப்புகளும் எத்தனை ஆயிரமோ, எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே எங்கள் வீட்டுக்கு வரும் எந்தத் தாளும், மின்கட்டண அட்டை முதல் மருந்துச் சீட்டு வரை, என் கைக்குத்தான் வரும். "தம்பி படிச்சவன், அவன் பாக்கட்டும்" என்பார்கள். அப்படித்தான் சென்ற ஆண்டு என் அத்தையின் மருத்துவமனைத் தாள்களும் என் கைக்கு வந்தன.

அத்தை என் தந்தையாருக்கு ஒரே தங்கை. சிறு வயதில் தீப்பெட்டி ஒட்டியவர். கோவில்பட்டியில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அத்தையும் மாமாவும் 'யெகோவாவின் சாட்சிகள்' என்னும் கிறித்தவப் பிரிவில் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பண்டிகைகள் இல்லை. பிறந்தநாள் கொண்டாட்டமும் இல்லை. அந்த ஆண்டுப் பொங்கலுக்குத் தந்தையார் வழக்கம்போல் பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, ஒரு சேலை, ஒரு கட்டுக் கரும்பு எல்லாம் தூக்கிக்கொண்டு பேருந்தில் போனார். அத்தை வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீ வா, சாப்பிடு, இரு. சீரு மட்டும் வேண்டாம்ணே" என்றாராம். தந்தையார் உட்காரக்கூட இல்லை. கரும்பை அதே பேருந்தில் திரும்பத் தூக்கிவந்து கொல்லையில் போட்டார். எங்கள் வீட்டில் அதை யாரும் தொடவில்லை, ஆடு தின்றது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கரும்பைத் தின்ன முடியாமல் போனதே எனக்குப் பெருந்துயரமாக இருந்தது.

அத்தையின் நெஞ்செரிச்சலோ இவற்றுக்கெல்லாம் மூத்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். "படுத்தா தொண்டைக்கு வந்துருதுய்யா" என்பார். ஓமத் தண்ணீர், சீரகம், சோடா, கடையில் வாங்கும் இளஞ்சிவப்பு மருந்து என்று தொடங்கி, பின்னாளில் ஒமிப்ரசோல் மாத்திரையில் வந்து நின்றது. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டால் அன்றைய பொழுது போகும். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. நெஞ்செரிச்சலை யார்தான் நோய் என்று நினைக்கிறார்கள்? நம் ஊரில் அது வயதோடு வரும் உறவுக்காரன் மாதிரி.

சென்ற வைகாசியில் அத்தையைப் பார்க்கப் போனபோது முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சரிசியை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றார். "என்னன்னு தெரியல மருமகனே, இது மேலயே ஆசையா இருக்கு" என்று சிரித்தார். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், பனிக்கட்டி போன்றவற்றின்மேல் இப்படி ஒரு வேட்கை எழும் என்று நான் படித்திருந்தேன். வலுக்கட்டாயமாக இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 6.9. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்கவேண்டும்.

உள்ளே குழாய்விட்டுப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்னும் தசைத்தட்டு இருப்பதை நாம் எலியை அறுத்தபோது பார்த்திருக்கிறோம். உணவுக்குழல் அதிலுள்ள ஒரு துளை வழியாகக் கீழே இறங்கி இரைப்பையில் சேருகிறது. அத்தைக்கு அந்தத் துளை அகன்று, இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால்தான் அமிலம் மேலே வந்தது. அதுமட்டுமன்று. மூச்சு விடும்போதெல்லாம் இரைப்பை அந்தத் துளையின் விளிம்பில் உரசி உரசிப் புண்ணாகி, கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் சிறிது இரத்தம் கசிந்திருக்கிறது. 1986-இல் காமெரான் என்னும் மருத்துவர் விளக்கி எழுதியதால் அவர் பெயரிலேயே அந்தப் புண்கள் வழங்குகின்றன. சொட்டுச் சொட்டாகப் போனது பல ஆண்டுகளில் குடம் குடமாகியிருக்கிறது. போதாக்குறைக்கு, இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வயிற்றில் அமிலம் வேண்டும்; அத்தை தின்ற மாத்திரையோ அமிலத்தைக் குறைப்பது.

அறுவை சிகிச்சை செய்து இரைப்பையைக் கீழே இறக்கினால்தான் தீரும் என்றார்கள். இங்கேதான் முடிச்சு விழுந்தது. இரத்தம் குறைந்த உடம்பு. ஆகவே முதலில் இரத்தம் ஏற்ற வேண்டும். அத்தை மாட்டேன் என்றார். விவிலியத்தில் ஆதியாகமம், லேவியராகமம், அப்போஸ்தலர் நடபடிகள் ஆகியவற்றில் இரத்தத்தை விலக்கச் சொல்லியிருப்பது, வாயால் உண்பதற்கு மட்டுமன்று, நரம்பு வழியாக ஏற்றிக்கொள்வதற்கும் பொருந்தும் என்பது அவர்கள் கொள்கை. 1945 முதல் அப்படித்தான் கடைப்பிடிக்கிறார்கள். முதலில் நாங்கள் போன மருத்துவமனையில், "ரெண்டு பாட்டில் ஏத்தாம பேசவே முடியாது. வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் என்னால் முடியவில்லை. கையைக் கட்டிப்போட்டு நீந்தச் சொன்னால் யார்தான் ஆற்றில் இறங்குவார்?

தந்தையாருக்கு வந்த சினம் வேறு வகையானது. அவரும் 'ஓ பாசிட்டிவ்', அத்தையும் அதே வகை. அச்சகத்தில் எவருக்கு விபத்து என்றாலும் முதலில் சட்டைக் கையை மடிப்பவர் அவர். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "சீரத்தான் வேண்டாம்னே தாயி. எங்க ஆத்தா வயித்துல ஊறுன அதே ரத்தம், அதுவுமா வேண்டாம்?" என்று கேட்டார். அத்தை கண்ணீர் விட்டாரே தவிர, விடை சொல்லவில்லை. சற்றுநேரம் கழித்துத் தந்தையார் வேறொரு வழி கண்டவர்போல், "சரி, ஒன்னோட ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வச்சுக்கிட்டு, பெறகு ஏத்துனா?" என்றார். அதற்கும் தலையசைத்தார் அத்தை. உடம்பைவிட்டு வெளியேறிய இரத்தம் மண்ணுக்குரியது. எடுத்துச் சேமித்து வைப்பது, அப்போதிருந்த விதிப்படி, கூடாது என்றார். உள்ளூர எனக்கும் கோபந்தான். நான் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவன். நம் கல்லூரி முகாமில் 350 மில்லி கொடுத்து, சான்றிதழைச் சட்டம்போட்டு வீட்டில் மாட்டியிருப்பவன். அந்தச் சான்றிதழைப் பார்த்து, "நல்ல காரியம் பண்ணிருக்கேய்யா" என்று என்னைப் பாராட்டியவர் இதே அத்தைதான். அந்தப் பாராட்டின் பொருள் எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை.

அவர்கள் சபையில், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஒத்துவரும் மருத்துவர்களைத் தேடித் தருவதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அவர்கள் மதுரையில் ஓர் அறுவை மருத்துவரைக் காட்டினார்கள். முதல்நாளே அவர் சொன்னார்: "அவசரம் இல்லை. இவங்க உடம்பையே ரத்தம் செய்ய வைப்போம். அதுக்கப்புறம் ஆபரேஷன்."

அடுத்த ஒன்பது வாரங்கள் எங்களுக்கு ஒரு தேர்வுக்காலம். இரும்புச்சத்தை மாத்திரையாகத் தராமல் நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஃபோலிக் அமிலமும், பி12 ஊசியும் தந்தார்கள். கூடவே எரித்ரோபொயட்டின் ஊசி. சிறுநீரகம் சுரக்கும் இந்த இயக்குநீர்தான் எலும்பு மஜ்ஜையிடம் 'சிவப்பணு செய்' என்று ஆணையிடுகிறது என்று முதலாண்டில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். அது ஒரு சிறு குப்பியில் குளிர்பெட்டியில் வந்து, என் அத்தையின் கையில் ஏறும் என்று எழுதும்போது நினைக்கவில்லை. சில குப்பிகளில் அந்த மருந்து கெடாமலிருக்க மனித இரத்தத்திலிருந்து பிரித்த ஆல்புமின் சேர்ப்பதுண்டாம். மருத்துவர் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்து, "இதுல இல்லம்மா" என்று காட்டினார். அவர் அந்தக் கொள்கையை ஏற்றவர் அல்லர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஆனாலும் படித்துப் பார்த்தார்.

பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும்போதும் சிக்கனம். குழந்தைகளுக்குரிய சின்னக் குழாயில், தேவையான நாளில் மட்டுமே எடுத்தார்கள். மாமா தம் கடை நாட்காட்டியில் ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துவைத்தார்: 6.9, 8.1, 9.6, 10.8, 11.7. வண்டி பழுதுபார்க்க வந்தவர்கள், "என்ன அண்ணாச்சி, பெட்ரோல் கணக்கா?" என்று கேட்டார்களாம். எண்கள் ஏற ஏற அத்தை பச்சரிசி தின்பது நின்றது.

அந்நாட்களில் கல்லூரி நூலகத்திலும் கைப்பேசியிலும் இந்த அறுவையைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒன்றை நண்பர்களுக்குச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ருடால்ஃப் நிஸ்ஸன் என்று ஒரு ஜெர்மன் மருத்துவர். யூதர் என்பதால் 1933-இல் நாட்டைவிட்டு வெளியேறி இஸ்தான்புல் சென்றவர். அங்கே ஒரு நோயாளிக்கு உணவுக்குழலின் அடிப்பகுதியை வெட்டி இரைப்பையோடு தைத்தபோது, தையல் பிரியாமலிருக்க இரைப்பையின் மடிப்பையே அதன்மேல் சுற்றிவைத்தார். பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அந்த நோயாளிக்கு நெஞ்செரிச்சலே இல்லை. தையலைக் காக்கச் சுற்றியது அமிலத்தையும் தடுத்துவிட்டது! 1955-இல், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில், இதற்கென்றே அவர் முதன்முதலாக அந்த அறுவையைச் செய்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இடையில் அமெரிக்காவில் இருந்தபோது, 1948-இல், இதே நிஸ்ஸன்தான் ஐன்ஸ்டைனின் வயிற்றில் புடைத்திருந்த பெருந்தமனியைச் செல்லோபேன் தாளால் சுற்றிவைத்தார். அதோடு ஐன்ஸ்டைன் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955-இல் அந்தத் தமனி வெடித்தபோது, மீண்டும் அறுவை வேண்டாம் என்று மறுத்து இறந்தார். உலகம் அதைப் பெருந்தன்மை என்றது. என் அத்தை மறுத்தபோது நாங்கள் எல்லோரும் பிடிவாதம் என்றோம். இரண்டும் ஒன்றல்லதான். ஐன்ஸ்டைனுக்கு வயது எழுபத்தாறு, அத்தைக்கு நாற்பத்தேழு. எனினும் அந்தப் பக்கத்தைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் இதைச் செய்தார்கள். அதில் பெரிய அச்சம் மண்ணீரலைப் பற்றியது. இரைப்பையின் மேற்பகுதியை விடுவிக்கும்போது, பக்கத்தில் ஒட்டியிருக்கும் மண்ணீரல் கிழிந்தால் இரத்தம் பெருக்கெடுக்கும். சிலநேரம் மண்ணீரலையே எடுத்துவிட நேரும். 1991-இல் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டாலமாஞ் முதலியோர் சிறுதுளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பி முறையில் செய்து காட்டினர். உள்ளிருப்பது பெரிதாகத் திரையில் தெரிவதால் சிறு இரத்தக்குழாயையும் பார்த்து அடைத்துவிட்டே வெட்டலாம். இரத்தம் ஏற்றாமல் அறுவை செய்வதும் புதிதன்று. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டென்டன் கூலி என்னும் இதய மருத்துவர், சாட்சிகள் 542 பேருக்கு இரத்தமின்றிச் செய்த இதய, இரத்தக்குழாய் அறுவைகளைப் பற்றி 1977-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கிறார். இதயத்தையே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தந்தையாரிடம் சொன்னேன். "542 பேரும் பொழச்சாங்களா?" என்று கேட்டார். எல்லோரும் பிழைக்கவில்லை. நான் பேச்சை மாற்றினேன்.

அறுவைக்கு முதல்நாள் மாலை மருத்துவர் எங்களை அழைத்து விளக்கினார். மேசைமேல் கிடந்த துண்டை எடுத்துத் தம் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினார். "குளிர்ல கழுத்துல துண்டு சுத்துவோம்ல, அதுமாதிரிதான். இரைப்பையோட மேல்பாகத்த உணவுக்குழலச் சுத்திக் கொண்டாந்து தச்சிருவோம். இறுக்கிச் சுத்தினா சோறு எறங்காது. தளர்வா இருக்கணும்" என்றார். பிறகு தந்தையார் பக்கம் திரும்பி, "பெரும்பாலும் ரத்தமே தேவைப்படாது. ஆனா தேவைப்படவே படாதுன்னு என்னால எழுதித் தர முடியாது" என்றார்.

அதன்பின் தாள்கள் வந்தன. அத்தனையும் ஆங்கிலம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா இவை நான்கும் வேண்டாம். இரத்தத்திலிருந்து பிரித்த ஆல்புமின், உறைவுக்காரணிகள் போன்றவை அவரவர் மனச்சான்றுக்கு விடப்பட்டவை. வயிற்றுக்குள் கசியும் சொந்த இரத்தத்தைக் கருவி வழியாகச் சுத்தம் செய்து, தொடர் துண்டிக்காமல் திரும்ப உடம்புக்கே அனுப்புவதும் அப்படியே. ஒவ்வொன்றையும் நான் வாசித்துத் தமிழில் சொல்ல, அத்தை கண்ணை மூடி யோசித்து, 'ஆம்', 'இல்லை' என்றார். உறைவுக்காரணி சரி என்றார். கருவியும் சரி என்றார். அவர் இவ்வளவு தெளிவாகப் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தீப்பெட்டி ஒட்டப் போனதால் எட்டாவதோடு நின்றவர்.

கடைசி வரியில் எனக்கு நா எழவில்லை. இரத்தம் ஏற்றாததால் இறப்பு நேர்ந்தாலும் அதற்கு மருத்துவர் பொறுப்பல்லர் என்பது அதன் பொருள். "ஏதாவது ஆனாலும் டாக்டர் பொறுப்பில்லன்னு போட்டிருக்கு அத்தை" என்றேன்.

அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏதாவது ஆனாலும்னு போட்டிருக்கா, செத்தாலும்னு போட்டிருக்கா மருமகனே?"

"செத்தாலும்னு."

"அப்ப அதச் சொல்லுய்யா" என்று சொல்லிக் கையெழுத்திட்டார். சாட்சிக் கையெழுத்து என்ற இடத்தில் மாமாவும், அதற்குக் கீழே நானும் இட்டோம். கல்லூரியில் சேர்ந்தபின் நான் எத்தனையோ விண்ணப்பங்களில் ஒப்பமிட்டிருக்கிறேன். அன்று பேனா வழுக்கியது.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. அன்றிரவு மருத்துவமனைக்கு எதிரே தேநீர்க் கடையில் தந்தையார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ படிச்சவன், டாக்டர்கிட்டப் பேசத் தெரிஞ்சவன். மயக்கத்துல இருக்கும்போது தேவைப்பட்டா ஏத்திரச் சொல்லு. அவளுக்குத் தெரியவா போகுது? பாவம் புண்ணியம் எல்லாம் என்னச் சேரட்டும்" என்றார். அச்சகத்திலிருந்து நண்பர்கள் இருவரை அதற்காகவே அழைத்து வந்திருந்தார். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தனர். இருவரும் 'ஓ' வகை. அத்தைக்குத் தெரியாது.

நான் போனேன். போயிருக்கக்கூடாது என்று இன்று எளிதாகச் சொல்லலாம். மருத்துவர் காருக்கு நடந்துகொண்டிருந்தார். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் சினம் கொள்ளவில்லை. "முழிச்சிருக்கும்போது வேண்டாம்னு சொன்னதத் தூங்கும்போது செய்யச் சொல்றீங்களா தம்பி?" என்றார். நான் நின்றேன். "காலையில அவங்ககிட்டயே போய்க் கேளுங்க. மனசு மாறிச் சரின்னா எனக்கு நிம்மதி. இல்லன்னா நான் குடுத்த வாக்கு வாக்குதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பிறகுதான் படித்தேன்: கனடா நாட்டில் மயக்கமுற்ற ஒரு பெண்ணின் பையில் 'இரத்தம் ஏற்றவேண்டாம்' என்ற அட்டை இருந்தும் ஏற்றிக் காப்பாற்றிய மருத்துவர், இழப்பீடு தரவேண்டும் என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990-இல் உறுதி செய்திருக்கிறது. தந்தையாரிடம் சொன்னபோது, "உசுரக் காப்பாத்துனவருக்கா அபராதம்?" என்று வியந்தார். அவர் வியப்பும் எனக்குப் புரிகிறது, தீர்ப்பும் புரிகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளத்தான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை அத்தையிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் துணிவு வரவில்லை என்பதே உண்மை. தள்ளுவண்டியில் போகும்போது தந்தையாரின் கையை அத்தையே எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

வயிற்றில் ஐந்து சிறு துளைகள். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்தினார்கள். மார்புக்குள் ஏறியிருந்த இரைப்பையைக் கீழே இழுத்து, அகன்ற துளையைத் தைத்துச் சுருக்கி, மண்ணீரல் பக்கத்துச் சிறு குழாய்களை அல்ட்ராசானிக் கத்தரியால் அடைத்து வெட்டி, பின்புறமாகத் துண்டைச் சுற்றுவதுபோல் சுற்றித் தைத்தார்கள். அந்தக் கத்தரியின் நுனி நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்கிறது. அந்த வெப்பத்தில் குழாய் ஒட்டிக்கொண்ட பிறகே துண்டாகிறது. இவையெல்லாம் பின்னால் மருத்துவர் குறுவட்டில் தந்த படத்தில் நான் பார்த்தவை. அன்று நாங்கள் பார்த்தது மூடிய கதவையும் சுவர்க் கடிகாரத்தையும் மட்டுமே. மூன்று மணி நேரம். தந்தையார் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமா விவிலியத்தை மடியில் வைத்திருந்தார். பக்கம் திருப்பவே இல்லை.

மருத்துவர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சது. ரத்தம் அம்பது மில்லிகூடப் போகல" என்றார். ஐம்பது மில்லி என்றால் எவ்வளவு என்று தந்தையார் கேட்டார். "அரை டம்ளர் காப்பிகூட இல்லப்பா" என்றேன். அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நம் முகாமில் நான் சிரித்துக்கொண்டே கொடுத்தது இதைப்போல் ஏழு மடங்கு.

கீழே காத்திருந்த அச்சக நண்பர்களிடம் போய் இனி வேண்டியதில்லை என்று சொன்னேன். அவர்களில் மூத்தவர், "வந்தது வந்துட்டோம், லீவும் போட்டாச்சு" என்று நேரே இரத்த வங்கிக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தந்தையாரும் படுத்தார், இரத்த அழுத்தம் மிகுதி என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றவர் வடை தின்றதோடு சரி.

அத்தை மூன்றாம் நாள் வீடு திரும்பினார். அடுத்த சில வாரங்கள் சோறு தொண்டையில் சிக்குவதுபோல் இருந்தது. இப்படி இருக்கும், வீக்கம் வடிந்தால் சரியாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கஞ்சி, குழைந்த இட்லி, பருப்புத் தண்ணீர் என்று ஒப்பேற்றினார். இப்போது எல்லாம் சாப்பிடுகிறார். ஒரே ஒரு குறை, ஏப்பம் வருவதில்லை. சுற்றிய துண்டு மேலே எதையும் விடுவதில்லை அல்லவா! "விருந்துக்குப் போனா, சாப்பாடு நல்லா இல்லயோன்னு நெனைக்கிறாங்க மருமகனே" என்கிறார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு படுத்துத் தூங்குகிறார். மாமாதான், பழக்கதோஷத்தில், நடுஇரவில் எழுந்து அத்தை சுவரோரம் இருக்கிறாரா என்று தேடுகிறாராம்.

மருத்துவரிடம் நான் போய்ப் பேசியதை அத்தையிடம் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் சொல்லியும்விட்டேன். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "ஒங்கப்பன் சொல்லித்தான போயிருப்ப" என்றார். பிறகு, "அந்த டாக்டரு சரின்னு சொல்லிருந்தா, நான் பொழச்சு வந்து ஒங்க யாரு மொகத்துல முழிச்சிருப்பேன்?" என்றார். அவ்வளவுதான். கீரையை உருவி முடித்து எனக்குச் சாப்பாடு போட்டார்.

இந்த ஆண்டுப் பொங்கலுக்குத் தந்தையார் கோவில்பட்டிக்குப் போகவில்லை. பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள், ஒரு வெறும் வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வந்தவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். ஒரு மஞ்சள் பையில் பேரீச்சம்பழம், எள்ளுருண்டை, இரண்டு கிலோ பச்சரிசி. நானும் உடன் போனேன். வாசலில் பையை நீட்டி, "இது சீரு இல்ல தாயி. சும்மா" என்றார். அத்தை பையைத் திறந்து பார்த்தார். பச்சரிசியைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் மாமாவைக் கூப்பிட்டார். பிறகு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், தந்தையாருக்கும் எனக்கும் காப்பி கொண்டுவந்தார்.